கோல் கீப்பர் விருதை நீக்கிய நம் ஊர்ப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோடைக் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவினருக்கு,

இந்த வருடத்து விதிமுறைகள் வந்து சேர்ந்தன. சிறந்த கோல் கீப்பருக்கான விருது இனிமேல் இல்லை என்றும், அந்தக் கோப்பை அதிக கோல் அடித்தவர்களில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குப் போகும் என்றும் போட்டிருக்கிறீர்கள். அதோடு, கோல் கீப்பரைக் கால் ஆட்டத்துக்கு, அதாவது ஆட்ட நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு, ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டுமாம். வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் கேட்டேன். "கமிட்டியில் பேசி முடிச்சாச்சு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

விருதை நீக்கியதற்குச் சுற்றறிக்கையில் நீங்கள் சொன்ன காரணம் இது: போன வருடம் அந்த விருதை வாங்கிய பெண் ஆடிய அணி ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. அத்தனை கோல் வாங்கியவளுக்குக் கோப்பை கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு என்ன பாடம் என்று சில பெற்றோர் கேட்டார்களாம். ஜெயிக்கிற அணியின் கீப்பருக்கு வேலையே இருக்காது, ஆகவே விருது எப்போதும் தோற்கிற பக்கமே போகும், அது சரியில்லை என்று நீங்களும் முடிவு செய்துவிட்டீர்கள்.

இதே காரணத்தை வேறொரு ஊரில் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இது 1950 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கோல் கீப்பராக நின்ற பிராங்க் போர்கியின் ஊர். அவர் பெயரை நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. போட்டியன்று நீங்கள் மாட்டிய வரலாற்றுப் பலகையிலும் அவர் பெயர் இல்லை. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றதைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு படம் இருந்தது, கோல் அடித்த ஜோ கேட்ஜென்ஸ் பெயர் இருந்தது, கீழே "அதிர்ஷ்டத்தால் கிடைத்த வெற்றி" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கோல் கடைசிவரை நிற்கும்படி பார்த்துக்கொண்டது யார் என்று எங்கேயும் இல்லை.

போர்கி 1925 ஏப்ரலில் இங்கே பிறந்தார். தி ஹில் பகுதியில் வளர்ந்தவர். தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்குக்கூடப் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று இத்தாலியக் கொடி நிறம் அடித்திருப்பார்களே, அந்தப் பகுதிதான். டோஸ்டட் ராவியோலி சாப்பிட நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு போய் வந்த இடம். 1950-ல் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கிய பதினொரு பேரில் போர்கி, சார்லி கொலம்போ, ஜினோ பாரியானி, பிராங்க் வாலஸ் என்று நான்கு பேர் அந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்தவர்கள். ஐந்தாவதாக ஹாரி கீயோவும் இந்த ஊர்க்காரர். தபால்காரராக வேலை பார்த்தவர். அணியில் கிட்டத்தட்ட பாதி செயிண்ட் லூயிஸ்.

போர்கிக்கு முதலில் பிடித்த ஆட்டம் பேஸ்பால். சிறு லீக்குகளில் சம்பளத்துக்கு ஆடியவர். பேஸ்பால் இல்லாத மாதங்களில் உடம்பு தளர்ந்துவிடக் கூடாது என்று கால்பந்துக்கு வந்தார். காலால் பந்தை உதைப்பது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. கோல் கிக்கைக்கூட முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களிடம் விட்டுவிடுவார். ஆனால் கை பெரிய கை, பேஸ்பால் வீசிப் பழகிய தோள். பந்தைப் பிடித்த வேகத்தில் நடுக்கோடு வரைக்கும் வீசிவிடுவார். இன்றைக்குத் தொலைக்காட்சியில் கீப்பர் பந்தைக் கையால் வீசித் தாக்குதலைத் தொடங்கினால் வர்ணனையாளர்கள் வாய் ஓயாமல் பாராட்டுகிறார்கள். தன்னிடம் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாமல், தன்னிடம் இருந்ததை வைத்தே ஒரு பாணியைப் போர்கி உண்டாக்கிக்கொண்டார். சனிக்கிழமை காலையில் பூங்காவில் நான் கீப்பர் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, வேகமாக ஓட வராத பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். "அங்கிள், எனக்கும் கை பெருசு" என்று ஒரு பையன் விரலை விரித்துக் காட்டினான்.

அவர் ஆடிய சிம்ப்கின்ஸ் ஃபோர்டு அணி 1948-லும் 1950-லும் அமெரிக்காவின் தேசியச் சவால் கோப்பையை வென்றது. கார் விற்பனைக் கடைக்காரர் ஒருவரின் ஆதரவில் நடந்த உள்ளூர் அணி அது. 1949 முதல் 1954 வரை தேசிய அணிக்கு ஒன்பது ஆட்டம் ஆடினார். ஒன்பதே ஒன்பதுதான். அந்தக் காலத்தில் அமெரிக்க அணி அடிக்கடி கூடுவதே கிடையாது. கூடியபோது பெரும்பாலும் வாங்கிக் கட்டிக்கொண்டது. 1948 ஒலிம்பிக்கில் இத்தாலியிடம் 0-9. 1949-ல் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மெக்சிகோவிடம் 0-6, அப்புறம் 2-6. பிரேசிலுக்குக் கப்பலேறாமல் விமானத்தில் போனார்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வசதி என்று எதுவும் இல்லை. எல்லாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள்.

போர்கி பார்த்த வேலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அவர் தன் மாமாவின் இறுதிச்சடங்கு நிறுவனத்தில் அமரர் ஊர்தி ஓட்டினார். பிறகு அதே தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தார். வாட்ஸ்அப் குழுவில் நான் அவர் பெயரை எடுத்ததும், "பிண வண்டி ஓட்டினவரா?" என்று ஒருவர் கேட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பிள்ளைகளும் இருக்கிற குழு அது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் வந்து எடுத்துப் போகிறார்களோ அவர்களைப் பற்றிச் சிரிக்கும் பழக்கத்தை ஊரிலிருந்து இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் போர்கி களத்தில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் ராணுவ மருத்துவ உதவியாளர். வெண்கல நட்சத்திரமும், போர்க்காயத்துக்குத் தருகிற ஊதா இதயப் பதக்கமும் வாங்கியவர். 1945 மார்ச்சில் ஜெர்மனியில் ரெமாகன் பக்கம் ஜாக் பக் என்ற சிப்பாய் குண்டுச் சிதறல் பட்டு விழுந்தபோது அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர் போர்கிதான். அந்த ஜாக் பக் பின்னாளில் நம் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனைக் குரலாகப் பல பத்தாண்டு ஒலித்தார். புஷ் ஸ்டேடியத்தில் அவர் சிலை பக்கத்தில் நின்று நீங்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவரைப் பிழைக்க வைத்த கைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 1950 ஜூன் 29. பிரேசிலில் பெலோ ஹொரிசோன்ட்டே ஊரில், பத்தாயிரம் பேர் பார்க்க நடந்த ஆட்டம். எதிரே டாம் ஃபின்னி, ஸ்டான் மார்ட்டென்சன், வில்ஃப் மேனியன், ராய் பென்ட்லி. பின்னாளில் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆல்ஃப் ராம்சே தடுப்பில். அவர்களின் பெரிய நட்சத்திரமான ஸ்டான்லி மேத்யூஸுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள், அவ்வளவு நம்பிக்கை. நான்கு, ஐந்து கோலோடு நிறுத்தினால் போதும் என்றுதான் தான் நினைத்திருந்ததாகப் போர்கியே பிறகு சொல்லியிருக்கிறார்.

முதல் இரண்டு நிமிடம் முடிவதற்குள் மார்ட்டென்சன் குறுக்கே போட்ட பந்தைப் பென்ட்லி அடிக்க, போர்கி விரலால் தட்டிக் கம்பத்தில் மோத வைத்தார். முதல் பன்னிரண்டு நிமிடத்தில் இங்கிலாந்து ஆறு தெளிவான ஷாட் அடித்தது. அதில் இரண்டு கம்பத்தில் பட்டன. இதை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றும்தான். மேலே படியுங்கள். 32-ஆவது நிமிடம் வாக்கில் ஃபின்னி தலையால் முட்டியதைப் போர்கி பறித்தார். 38-இல் வால்டர் பார் தொலைவிலிருந்து அடித்த பந்தில் கேட்ஜென்ஸ் பாய்ந்து தலை வைத்தார், அமெரிக்கா 1-0. அதற்குப் பிறகு ஐம்பது நிமிடத்துக்கும் மேல் பாக்கி இருந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளுவதும் அன்றைய விதிப்படி செல்லும். 59-இல் மார்ட்டென்சனின் ஃப்ரீ கிக், தடுத்தார். 82-இல் கோலை நோக்கி ஓடிய மார்ட்டென்சனைக் கொலம்போ ரக்பி பாணியில் இழுத்து வீழ்த்தினார். ராம்சே ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட, ஜிம்மி மல்லன் தலையால் முட்ட, பந்து கோட்டைத் தொடப்போன இடத்தில் போர்கியின் கை வந்து வெளியே தட்டியது. கோடு தாண்டிவிட்டது என்று இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கத்தினார்கள். இத்தாலிய நடுவர் ஜெனரோசோ டட்டிலோ ஒத்துக்கொள்ளவில்லை.

கம்பத்தில் படுவது ஒரு தடவை, இரண்டு தடவை நடக்கும். தொண்ணூறு நிமிடமும் சரியான இடத்தில் நிற்பது தானாக நடக்காது. பென்ட்லி அடிக்கும்போது எந்தக் கம்பத்துப் பக்கம் எத்தனை அடி முன்னால் நிற்க வேண்டும், மல்லன் எம்பும்போது முன்னால் வருவதா கோட்டிலேயே இருப்பதா என்று அந்த நொடியில் முடிவு செய்தவர் ஓர் ஆள். நானும் கல்லூரி நாட்களில் கம்பங்களுக்கு நடுவே நின்றவன். ஃப்ரீ கிக்கில் ஆள் கூட்டத்துக்கு நடுவே பந்து ஒரு கணம் மறைந்து திரும்பத் தெரியும்போது அது எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்பதை, அங்கே நின்றவர்கள் அறிவார்கள். அதனால்தான் அந்தப் பலகையில் எழுதியிருந்த வரி என்னை அவ்வளவு வருத்தியது.

இனி உங்கள் காரணத்துக்குப் பதில் சொல்கிறேன். அந்த உலகக் கோப்பையில் அமெரிக்கா மூன்று ஆட்டம் ஆடியது. ஸ்பெயினிடம் 1-3. அதிலும் 80 நிமிடம் வரைக்கும் பாரியானி அடித்த கோலால் அமெரிக்காதான் முன்னணியில் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று விழுந்தன. பிறகு இங்கிலாந்து. பிறகு ரெசிஃபேயில் சிலியிடம் 2-5. மூன்று ஆட்டத்திலும் கோலில் நின்றவர் போர்கி. அடித்தது நான்கு, வாங்கியது எட்டு. பிரிவில் அமெரிக்காவுக்குக் கடைசி இடம்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் சொன்ன காரணப்படி போர்கிக்கு விருது கிடையாது. பிரிவிலேயே அதிக கோல் வாங்கியவர் அவர், அணி கடைசி. ஆனால் அந்த உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுகிற யாரும் போர்கியைத் தாண்டிப் பேச முடியாது. 1976-ல் அந்த அணி முழுவதையும் அமெரிக்கத் தேசியக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். எட்டு கோல் வாங்கியவர் என்று அவரை மட்டும் வெளியே நிறுத்திவிடவில்லை. எத்தனை கோல் விழுந்தது என்பது அணியின் கணக்கு. வந்த பந்தில் எத்தனையைத் தடுத்தார் என்பதுதான் கீப்பரின் கணக்கு. போன வருடம் அந்தப் பெண்ணுக்கு விருது கொடுத்த நடுவர்கள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். அவர்கள் செய்த சரியான காரியத்தைப் பிழை என்று ஆக்கியிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் என்னிடம் பயிற்சிக்கு வருகிறாள். முதலில் வந்தபோது பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். கட்டைவிரல் இரண்டும் ஒட்டினாற்போலக் கையை வைத்து, பந்தைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைக்கச் சொன்னேன். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு கராஜ் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து அடித்துப் பிடித்துப் பழகினாள் என்று அவள் அப்பா சொன்னார். போட்டியில் அவள் அணியின் தடுப்பு வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். தனியாக ஓடி வருகிற பையன்களின் காலடியில் பாய்ந்து பந்தை எடுத்தாள். கடைசி ஆட்டம் முடிந்தபோது அவள் கையுறையின் உள்ளங்கை ரப்பர் உரிந்து தொங்கியது. வலது முழங்கையில் தோல் போய், புல்லின் பச்சையும் இரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன. எதிரணிப் பையன்களே வந்து கைதட்டினார்கள். அவளுக்குக் கொடுத்த விருதைத்தான் தப்பு என்று சுற்றறிக்கை போட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அதை அவளும் படித்தாள். பயிற்சிக்கு வந்தவள், "இந்தத் தடவை ஃபார்வர்டு ஆடட்டுமா அங்கிள்?" என்று கேட்டாள். அவள் விருப்பம் அது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்கு விருப்பம் அது இல்லை என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

கால் ஆட்டத்துக்கு ஒருமுறை கீப்பரை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்கட்டும் என்ற எண்ணம் நல்லதுதான், சின்னப் பிள்ளைகள் பிரிவில் நானும் அதை ஆதரிப்பேன். ஆனால் களத்தில் நடப்பது வேறு. யாருக்கும் நிற்கப் பிடிக்காத இடத்துக்கு, ஓட முடியாத பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். "நீ போய் கோல்ல நில்லுடா" என்பது தண்டனை மாதிரிச் சொல்லப்படுகிறது. கோல் விழுந்ததும் கோட்டுக்கு வெளியிலிருந்து அப்பாமார் கத்துகிறார்கள். அந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிற பிள்ளையோ, ஆட்டத்தின் போக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வரும்போது வெளியே வர வேண்டியிருக்கிறது. போர்கி கொலம்போவோடும் பாரியானியோடும் ஒரே தெருவிலும் ஒரே அணியிலும் ஆடியவர். யார் எப்போது எந்தப் பக்கம் விலகுவார் என்று அவருக்குத் தெரியும். அது சேர்ந்து நின்று வருகிற அறிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-ல் அந்த ஆட்டத்தைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து போன நிருபர் ஒரே ஒருவர், நம் ஊர் போஸ்ட்-டிஸ்பாட்ச் பத்திரிகையின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் விடுப்பு எடுத்துச் சொந்தக் காசில் போனவர். ஜெயித்துவிட்டு நாடு திரும்பிய அணியை வரவேற்கக் கூட்டம் எதுவும் இல்லை. போர்கி பழையபடி வேலைக்குப் போனார். 2015 பிப்ரவரியில், 89 வயதில் காலமானார். இந்த ஊர் அவரை அன்றைக்குக் கவனிக்காததற்கு அந்த ஆட்டம் நடந்ததே பலருக்குத் தெரியாது என்ற காரணமாவது இருந்தது. இன்றைக்கு அப்படியில்லை. டவுன்டவுனில் கால்பந்துக்கென்றே ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்கள். செயிண்ட் லூயிஸ் சிட்டி அணி 2023-ல் முதல் பருவம் ஆடியபோது, அதன் ரோமன் பியூர்கிதான் அந்த வருடத்து எம்எல்எஸ் எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சிறந்த கோல் கீப்பர். நம் பிள்ளைகள் அவர் பெயர் போட்ட சட்டையோடு போட்டிக்கு வருகிறார்கள். லீக்கே கீப்பருக்குத் தனி விருது கொடுக்கும்போது நாம் மட்டும் எதற்காக எடுக்க வேண்டும்?

நான் கேட்பது இவைதான். சிறந்த கோல் கீப்பர் விருதை இந்த வருடமே திரும்பக் கொண்டுவாருங்கள். அணி ஜெயித்ததா தோற்றதா என்று பார்க்காமல், தடுத்த ஷாட், வெளியே வந்து எடுத்த பந்து, அணிக்குக் கொடுத்த குரல் இவற்றை வைத்து நடுவர்கள் முடிவு செய்யட்டும். அதற்கான படிவத்தை நான் தயார் செய்து தருகிறேன். கோப்பைக்குப் பணம் போதவில்லை என்றால் அந்தச் செலவை நானும் இன்னும் சில பெற்றோரும் ஏற்கிறோம்.

கட்டாய மாற்று விதியைச் சின்னப் பிள்ளைகள் பிரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளில் கோலில் நிற்க விரும்புகிறவர் ஆட்டம் முழுக்க நிற்கட்டும். விருப்பமில்லாத பிள்ளையை எந்தப் பயிற்சியாளரும் வற்புறுத்தி நிறுத்தக் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். கோல் விழும்போது வெளியிலிருந்து கீப்பரைத் திட்டுகிற பெரியவரை நடுவர் மைதானத்தை விட்டு அனுப்பலாம் என்பதையும் சேருங்கள்.

வரலாற்றுப் பலகையில் "அதிர்ஷ்டத்தால்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கேட்ஜென்ஸ் பெயருக்குப் பக்கத்தில் பிராங்க் போர்கி, கோல் கீப்பர், தி ஹில், செயிண்ட் லூயிஸ் என்று எழுதுங்கள்.

கடைசியாக, போன வருடம் விருது வாங்கிய அந்தப் பெண்ணுக்கு, அந்த விருது அவளுக்கு நியாயமாகவே கிடைத்தது என்று குழுவின் சார்பில் ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். அணிகள் பெயர் கொடுக்கும் நாளுக்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொண்டு, முடிவைப் பெற்றோர் எல்லாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் நேரில் வந்து பேசவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கீப்பர் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளின் பயிற்சியாளர்